அப்பாவின் 14 சதவீதம்

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 58 வயது. நெஞ்சுவலி எதுவும் இதுவரை வந்ததில்லை. அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, அடுத்த 10 ஆண்டுகளில் இதய நோய் வர 14 சதவீத வாய்ப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே விவரங்களை இணையத்தில் வேறொரு கணிப்பானில் போட்டேன், 22 என்று வந்தது. அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அப்பாவோ 'நூற்றுக்கு 86 வாங்கியிருக்கேன், பாஸ்தானே' என்று சிரிக்கிறார். பெரியப்பாவுக்கு வேறு ஹார்ட் ஃபெயிலியர், பம்பிங் 35 என்கிறார்கள். இந்த எண்களை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம்பலாமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதய நோய் ஆய்வுகளில் நோயாளிகளின் விவரம் திரட்டுவதும் கணக்குப் பார்ப்பதுமாகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன். எந்த மாத்திரை என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்த 14 எப்படிப் பிறந்தது என்று சொல்ல முடியும்.

14 சதவீதம் என்பது உங்கள் அப்பாவின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்ன சேதி இல்லை. வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம் இவற்றில் அவரைப் போல இருந்தவர்களை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது நூற்றுக்கு 14 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தது என்பதுதான் அதன் பொருள். அந்த 14 பேரில் அப்பா இருப்பாரா, மீதி 86 பேரில் இருப்பாரா என்பது கணிப்பானுக்குத் தெரியாது. ஆகவே முதல் கேள்வி, அந்த நூறு பேர் யார், எந்த ஊர்க்காரர்கள்?

பல கணிப்பான்களுக்குப் பூர்வீகம் ஒரே ஊர்தான்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் ஃப்ரேமிங்ஹாம். 1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருக்கு வயது 63. அன்று அவருடைய மருத்துவர் குறித்துவைத்த ரத்த அழுத்தத்தில் மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது, கீழ் எண் 190. ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே வந்த அழுத்தம் அது. வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று விட்டுவிடுவது அந்தக் காலத்து வழக்கம், அதிபருக்கும் அதே கதிதான். 1948-இல் இதய நோய் ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டு தொடங்கி ஃப்ரேமிங்ஹாமில் 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்தார்கள். மருந்து கொடுக்கவில்லை, எதையும் மாற்றச் சொல்லவில்லை. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று காத்திருந்து பார்த்தார்கள். இன்று டீக்கடையில்கூட அடிபடும் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற சொல், 1961-இல் வில்லியம் கேனலும் அவருடைய சகாக்களும் இந்த ஆய்விலிருந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது.

காத்திருந்து பார்ப்பது என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். உண்மையில் அதுதான் இந்தத் தொழிலின் பெரும் பாடு. நான் வேலை பார்த்த இடத்தில் மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களை 30-ஆம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு முடிவில் போனில் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று நம்பர் வாங்கி வைத்திருப்போம்: சொந்த நம்பர், மகன் அல்லது மகள் நம்பர், பக்கத்து வீடோ மளிகைக் கடையோ ஒன்று. ஒருமுறை ஓர் அம்மா எடுத்தார். "அவரு வயலுக்குப் போயிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. மாத்திரை தீந்து ஒரு மாசம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கோம்னு வாங்கல" என்றார். படிவத்தில் 'மருந்தை நிறுத்தியதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். பக்கவிளைவு, மருத்துவர் நிறுத்தச் சொன்னார், செலவு, மற்றவை. 'நல்லாத்தானே இருக்கோம்' என்பதற்கு அங்கே இடமில்லை. 'மற்றவை'யில் போட்டேன். பிறகு ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணையில் அவர் ஒரு வரிசை ஆனார்.

போனே எடுக்காதவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். மூன்று நம்பரும் கிடைக்காவிட்டால் 'தொடர்பு அறுந்தது' என்று குறிப்போம். கணக்கில் அவர்கள் பாதியில் இறங்கிப்போன பயணிகள். ஆனால் ஏன் இறங்கினார்கள்? ஊர் மாறியிருக்கலாம், சிம் மாற்றியிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். இறந்தவர்கள்தான் அதிகமாக நழுவுகிறார்கள் என்றால் நம் ஆய்வு நிலைமையை இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது எத்தனை பேர் நழுவினார்கள் என்பதைத்தான். முடிவுரையை அப்புறம்தான் படிப்பேன்.

சரி, 14 எப்படி 22 ஆயிற்று? அநேகமாக இரண்டும் வெவ்வேறு விஷயங்களை எண்ணுகின்றன. ஃப்ரேமிங்ஹாம் தரவிலிருந்து 2008-இல் வந்த சூத்திரம் மாரடைப்பு, பக்கவாதம் மட்டுமல்லாமல் நெஞ்சுவலி, ஹார்ட் ஃபெயிலியர் (இதயத்தால் ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியாத நிலை), கால் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். 2013-இல் அமெரிக்க வழிகாட்டு நெறிகளோடு வந்த சூத்திரம் மாரடைப்பு, இதயநோய் மரணம், பக்கவாதம் என்று கடுமையானவற்றை மட்டும் எண்ணும். வலை பெரிதானால் மீனும் அதிகம். 2023-இல் அமெரிக்க இதய சங்கம் 'பிரிவென்ட்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. இனத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், சிறுநீரகத்தின் செயல்பாட்டைச் சேர்த்தார்கள். அதில் போட்டால் பெரும்பாலோருக்கு 2013 சூத்திரத்தைவிடக் குறைவான எண்தான் வரும். ஆள் மாறவில்லை, உடம்பு மாறவில்லை, எண் மட்டும் மாறுகிறது. ஆகவே 14-க்கும் 22-க்கும் நடுவே சராசரி எடுக்க வேண்டாம். எந்தக் கணிப்பான், எதை எண்ணுகிறது என்று கேளுங்கள், போதும்.

அடுத்தது, ஃப்ரேமிங்ஹாம்காரர்கள் நமக்கு எவ்வளவு ஒத்துவருவார்கள் என்பது. அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்கள். 2001-இல் இந்தச் சூத்திரத்தை வேறு மக்களிடம் சோதித்தபோது, அமெரிக்க வெள்ளையர், கறுப்பினத்தவர் இருவருக்கும் ஓரளவு சரியாகப் பொருந்தியது. ஜப்பானிய வம்சாவளி ஆண்களுக்கோ உள்ளதைவிட அதிக ஆபத்தைக் காட்டியது. நம் பக்கம் கதை தலைகீழ். இங்கிலாந்தில் பொது மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து உருவாக்கிய 'க்யூரிஸ்க்-2' 2008-இல் வந்தபோது அதில் இனமும் வசிக்கும் பகுதியின் வறுமையும் சேர்க்கப்பட்டன. மற்ற விவரங்கள் எல்லாம் ஒன்றாக இருந்தாலும், வெள்ளை ஆணைவிட இந்திய வம்சாவளி ஆணுக்கு ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பாகிஸ்தான் வம்சாவளி ஆணுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று கணக்கு காட்டியது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்விலும் முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப் பேருக்கு 53 வயதுக்குள்ளேயே வந்திருந்தது, மற்ற நாட்டவரில் அந்தப் பாதிக்கோடு 59-ஐ ஒட்டி. நமக்கு ஆறு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இதற்கு ரத்தம்தான் காரணம், மரபணுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டுபவர்களுக்கு ஒரு சேதி. அதே இன்டர்ஹார்ட்டில் சலீம் யூசுஃப் தலைமையிலான குழு ஒன்பது காரணங்களைப் பட்டியலிட்டது: புகை, கொழுப்பின் விகிதம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாமை, உடலுழைப்பு இன்மை, மது விஷயம். உலகம் முழுக்க முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை இந்த ஒன்பதே விளக்கிவிட்டன. தெற்காசியர்களும் அதில் அடக்கம். நம்மவர்களிடம் இவை இளவயதிலேயே கூடுகின்றன, அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் உறைத்த முடிவு 2014-இல் வந்தது. 'ப்யூர்' என்ற ஆய்வு. 17 நாடுகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், இந்தியாவில் சென்னையும் ஒரு களம். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆபத்து மதிப்பெண் போட்டார்கள். பணக்கார நாட்டவருக்குத்தான் மதிப்பெண் அதிகம் வந்தது, ஏழை நாட்டவருக்குக் குறைவு. சூத்திரப்படி பார்த்தால் பணக்கார நாடுகளில்தான் அதிகம் பேருக்கு வர வேண்டும். நடந்தது வேறு. பெரிய இதய நிகழ்வுகள் பணக்கார நாடுகளில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 4, ஏழை நாடுகளில் 6.4. இந்தியா அந்த ஏழை நாடுகள் வரிசையில்தான் இருந்தது. மதிப்பெண் குறைவு, சேதம் அதிகம்.

ஏன்? அதே ஆய்வின் இன்னொரு கட்டுரை 2011-இல் இதற்கு ஒரு விடை தந்திருந்தது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் எத்தனை பேர் நிரூபணமான நான்கு வகை மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை என்று பார்த்தார்கள். பணக்கார நாடுகளில் 11 சதவீதம். ஏழை நாடுகளில் 80 சதவீதம். வயலுக்குப் போன அந்தப் பெரியவர் இந்த 80-க்குள்தான் இருக்கிறார். எந்தக் கணிப்பானிலும் 'மாத்திரை தீர்ந்தால் வாங்குவாரா' என்று ஒரு கட்டம் கிடையாது.

இனி, நம்பலாமா என்ற உங்கள் கேள்வி. கணிப்பானின் தரத்தை இரண்டு வழியில் அளக்கிறார்கள். ஒன்று, ஆட்களைச் சரியாக வரிசைப்படுத்துகிறதா என்பது. நோய் வந்த ஒருவர், வராத ஒருவர் என்று ஜோடி ஜோடியாக எடுத்து, வந்தவருக்கு அதிக எண் கொடுத்திருந்ததா என்று பார்ப்பது. காசு சுண்டிப் போட்டால் நூறு ஜோடிகளில் 50 சரியாக வரும். நல்ல கணிப்பான்கள் 70-இலிருந்து 80-க்குள் நிற்கும். கவனியுங்கள், நூறு ஜோடிகளில் இருபது முப்பதில் தலைகீழாகச் சொல்லும் சூத்திரத்தைத்தான் உலகமே வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, சொன்ன எண்ணும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்பது. வானிலை அறிக்கை 30 சதவீத மழை என்று சொன்ன நாள்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு மூன்று நாள் மழை பெய்திருக்க வேண்டும் இல்லையா, அதே மாதிரி. ஓர் ஊரில் செய்த சூத்திரம் இன்னோர் ஊருக்குப் போகும்போது முதலில் கெடுவது இந்த இரண்டாவதுதான். அதை உள்ளூர்த் தரவை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 21 வட்டாரங்களுக்குத் தனித்தனியாக அட்டவணை போட்டது இதற்காகத்தான். அதில் ரத்தப் பரிசோதனை இல்லாமலே வயது, பிரஷர், புகை, உயரம், எடையை வைத்துப் பார்க்கும் அட்டவணையும் உண்டு. பெரிய வசதி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அது உதவும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இன்னும் துல்லியமாகச் சொல்லாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஈசிஜியிலும் ஸ்கேன் படத்திலும் மனிதக் கண்ணுக்குப் படாததை அது பிடிப்பது உண்மைதான். ஆனால் வயது, பிரஷர், கொலஸ்ட்ரால் மாதிரி எண்களை வைத்துக் கணிப்பதில், 71 ஆய்வுகளை ஒப்பிட்ட 2019 கட்டுரை ஒன்று, ஒழுங்காக நடந்த ஒப்பீடுகளில் பழைய புள்ளியியல் முறையைவிட இயந்திரக் கற்றல் மேல் என்று காட்ட எதுவும் இல்லை என்றது. விற்க வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான இடறல் ஒன்று உண்டு. ஒன்றை வைத்துக் கணிக்க முடிகிறது என்பதால் அதை மாற்றினால் முடிவும் மாறும் என்று நினைப்பது. 2000-இல் வந்த 'டிமி' மதிப்பெண்ணைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு ஏழு கேள்விகள், ஆளுக்கு அதிகபட்சம் ஏழு மதிப்பெண். கடந்த ஏழு நாளில் ஆஸ்பிரின் எடுத்தாரா என்பது அதில் ஒரு கேள்வி. ஆமாம் என்றால் ஆபத்து ஒரு மதிப்பெண் கூடும். அப்படியானால் ஆஸ்பிரின் கெடுதலா? ஆஸ்பிரின் எடுக்கும் அளவுக்கு ஏற்கெனவே சிக்கல் உள்ளவர், எடுத்தும் அடைப்பு வந்திருக்கிறது என்பதைத்தான் அந்தக் கேள்வி மோப்பம் பிடிக்கிறது. யாராவது இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் எவ்வளவு பெரிய ஆபத்து!

இதே இடறலில் டாக்டர்களே விழுந்தார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே இதயம் தாளம் தப்பித் துடித்தால் திடீர் மரணம் அதிகம் என்று எண்பதுகளில் நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தத் தப்புத் துடிப்பை அடக்கும் மருந்துகளும் இருந்தன. அடக்கினால் மரணம் குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள், லட்சக்கணக்கானோருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 'காஸ்ட்' என்ற ஆய்வில் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். எங்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்ற மருந்துகளுக்காகப் பிரிக்கப்பட்டவர்கள் 1,498 பேர். மருந்து துடிப்பை அழகாக அடக்கியது, ஈசிஜி பார்க்க நன்றாக இருந்தது. சராசரியாகப் பத்து மாதத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 63 பேர்.

இதற்கு நேர்மாறான கதைதான் உங்கள் பெரியப்பாவின் கதை. ஹார்ட் ஃபெயிலியரில் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து வகை) கொடுக்கவே கூடாது, ஏற்கெனவே சோர்ந்த இதயத்தை அது இன்னும் சோர வைக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. கேட்க நியாயமாகவும் இருந்தது. 1999-இல் 'சிபிஸ்-2' என்ற ஆய்வில் 2,647 பேரை அதே மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த வகையைச் சேர்ந்த பைசோப்ரோலாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 17.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைசோப்ரோலால் குழுவில் 11.8. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இன்று பெரியப்பாவின் மருந்துச் சீட்டில் அந்த வகை மருந்து அநேகமாக இருக்கும். சர்க்கரைக்கு என்று வந்த டாபாக்லிஃப்ளோசினும் இருக்கலாம். 2019-க்குப் பிறகு சர்க்கரை இல்லாத ஹார்ட் ஃபெயிலியர்காரர்களுக்கும் அதைக் கொடுக்கிறார்கள், அதனால் "எனக்குச் சுகரே இல்லையே" என்று அவர் அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

அந்த 'பம்பிங் 35' பற்றி. 35 மார்க் மாதிரி, 65 சதவீத இதயம் செத்துவிட்டது என்று குடும்பமே அழுத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். ஆரோக்கியமான இதயத்திலும் அது 55, 60, 65 என்றுதான் இருக்கும், 100 யாருக்கும் இல்லை. ஆக 35-ஐ 60-ஓடு ஒப்பிட வேண்டும். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுப்பவர் மாறினால் ஐந்தாறு புள்ளி முன்பின் ஆகும். மருந்து ஒழுங்காக எடுத்தவர்களுக்கு மாதங்களில் ஏறுவதும் உண்டு.

அதற்காக லேசாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவனந்தபுரத்தில் 2013-இல் ஹார்ட் ஃபெயிலியரோடு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. ஐந்தாண்டு முடிவில் 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. பல புற்றுநோய்களைவிட மோசமான எண் இது. ஆனால் அதே பதிவேட்டில், வழிகாட்டு நெறிப்படி மருந்து எடுத்தவர்களின் நிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. பெரியப்பா விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம், மாதத்தின் 25-ஆம் தேதி வாக்கில் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பது. தினம் காலையில் எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடலாம்.

அப்பாவுக்கு வருவோம். 14-ஐ வைத்து என்ன செய்வது? அவரைப் போன்ற நூறு பேர் எதுவும் செய்யாமல் இருந்தால் பத்தாண்டில் 14 பேருக்கு வரும். ஸ்டாட்டின் மாத்திரைகள் கெட்ட கொலஸ்ட்ராலை 39 மில்லிகிராம் அளவு குறைத்தால் பெரிய நிகழ்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து உறுதியான கணக்கு. அப்போது 14 சுமார் 11 ஆகும். பிரஷரின் மேல் எண்ணைப் பத்து குறைத்தால் இன்னோர் ஐந்தில் ஒரு பங்கு போகும், 11 சுமார் 9 ஆகும். இதையே வேறு மாதிரிச் சொன்னால், நூறு பேரும் பத்தாண்டு ஸ்டாட்டின் மட்டும் சாப்பிட்டால் 86 பேருக்கு எப்படியும் வந்திருக்காது, 11 பேருக்கு அப்படியும் வரும், மூன்று பேர் தப்பிப்பார்கள். அந்த மூவர் யார் என்று அவர்களுக்கே தெரியாது. இதைக் கேட்டு "மூணே பேர்தானா" என்பவரும் உண்டு, "மூணு பேரா, அப்போ எனக்கும் கொடுங்க" என்பவரும் உண்டு. இருவர் சொல்வதும் நியாயமே. எண் தீர்மானிக்காது, எண்ணை வைத்துக்கொண்டு அப்பாதான் தீர்மானிக்க வேண்டும். ஆபத்து 3 சதவீதமாக இருந்தால் இதே மாத்திரையால் தப்பிப்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 30 ஆக இருந்தால் ஆறு பேர். கணிப்பானின் உபயோகம் அவ்வளவுதான்.

அப்பா புகைக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைத்தால் மேலே சொன்ன கணக்கை எல்லாம் ஓரமாக வையுங்கள். இன்டர்ஹார்ட்டில் புகைப்பவருக்கு மாரடைப்பு வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் யாராவது "எதற்கும் ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்பார்கள். 2020-இல் வந்த 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர், இந்தியர்களும் உண்டு. எல்லோருக்கும் சோதனையில் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று தெரிந்திருந்தது, அதாவது உங்கள் அப்பாவைவிட நிலைமை மோசம். பாதிப் பேருக்கு மருந்தோடு உடனே ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மற்றவர்களுக்கு முதலில் மருந்து மட்டும். ஐந்தாண்டு முடிவில் மரணம், மாரடைப்பு முதலியவை உடனே ஆஞ்சியோ எடுத்த பக்கம் 16.4 சதவீதம், மருந்தில் தொடங்கிய பக்கம் 18.2. தற்செயலால் வரக்கூடிய வித்தியாசம்தான். நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மையான பலன். வலியே இல்லாத ஒருவருக்கு அந்தப் பலனும் இல்லை. ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்புறம், "உங்கள் உடம்புக்கு ஏற்ற கணிப்பு" என்று யாராவது சொன்னால் ஒரு பழைய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1988-இல் வந்த 'ஐசிஸ்-2' ஆய்வில் 17,187 பேர். மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் மரணம் குறைகிறது என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. ஐந்து வாரத்தில் 11.8 சதவீதம் இறப்பு 9.4 ஆகக் குறைந்தது. நோயாளிகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தால் என்ன கூத்து நடக்கும் என்று காட்ட, ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ராசிவாரியாகவும் பிரித்து அச்சிட்டார்கள். மேல்நாட்டுக் கணக்குப்படி மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றே கெடுதல், மற்ற ராசிகளுக்கு அமோகம்! எவ்வளவு பெரிய ஆய்வானாலும் நறுக்கிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு துண்டில் இப்படி ஒரு வேடிக்கை கிடைக்கும். நம் ஊரில் இதைச் சொல்லும்போது மட்டும் இரண்டாவது தடவை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அது தற்செயல்.

ஆபத்து எண்ணில் வராத ஒன்று, வந்தபிறகு எத்தனை நேரத்தில் எங்கே போய்ச் சேருகிறோம் என்பது. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு கோத்து, சிறிய இடத்திலேயே அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. 2,420 பேரின் விவரங்களை ஒப்பிட்டதில், ஓராண்டு மரணம் திட்டத்துக்கு முன்னால் 17.6 சதவீதம், பின்னால் 14.2. புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. இருந்ததைச் சரியான நேரத்தில் சரியான வரிசையில் கொடுத்ததுதான். ஆகவே வீட்டில் பேசிவைத்துக்கொள்ள வேண்டியது: நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா வாங்கிக் குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுவது.

கடைசியாக, அந்த முகாம் பிரஷர். நடந்து வந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். 58 வயதுக்காரருக்கு மேல் எண் 158 என்று வந்தால் வரும் சதவீதம் வேறு, 138-க்கு வேறு. வீட்டில் ஒரு வாரம், காலை காபிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, இரண்டு தடவை அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். அந்தத் தாளோடும் ரத்தப் பரிசோதனை முடிவோடும் டாக்டரிடம் போய், எதைக் குறைத்தால் இந்த 14 எவ்வளவு இறங்கும் என்று அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள்.

பட்டை வீட்டில்தானே இருக்கப்போகிறது, அப்பா அளந்து முடித்ததும் அம்மா கையிலும் சுற்றுங்கள். நீங்கள் இவ்வளவு எழுதியதில் அம்மாவின் வயது இல்லை, பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக ஒன்பது ஆண்டு தள்ளித்தான் வருகிறது, ஆனால் வருகிறது. அலுவலக முகாமுக்கு அவர் போயிருக்க மாட்டார். அவருக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?